சப்டைட்டில் தேவைப்படாத இடம்

ஜூன் 3, செவ்வாய்

காலைத் திருப்பலிக்குப் போய் வந்தேன். இட்லி. சட்னியில் அருள்சீலி உப்புப் போடவில்லை என்று நினைத்து நான் போட்டேன். அவள் ஏற்கெனவே போட்டிருந்தாளாம். இருபது வருடமாக இந்த வீட்டில் சமைக்கிறாள், போட்டதைச் சொல்ல வாய் வராது.

பத்து மணிக்கு ஹிதாயத்துல்லா என்பவர் வந்தார். கல்லூரியில் விலங்கியல் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். இப்போது 'திரைவட்டம்' என்ற சங்கத்தின் செயலாளர். மாதம் ஒரு வெளிநாட்டுப் படம் காட்டுகிறார்கள். செருப்பை வாசலில் ஜோடி சேர்த்து விட்டார். அதனால் உட்காரச் சொன்னேன்.

அடுத்த மாதம் ஓர் அரபுப் படம். பெயர் 'பின் இருக்கை'. ஜித்தா நகரத்தில் நடக்கிற கதை. தமிழ் சப்டைட்டில் போட ஆள் தேடியிருக்கிறார். திருச்சியில் அரபு பேசத் தெரிந்த ஒரே பெண்மணி என்று பங்குத்தந்தை என் பெயரைச் சொன்னாராம். பெண்மணி என்று ஏன் சேர்த்தார் என்று தெரியவில்லை. ஆண்களிலும் யாரும் இல்லை.

"உங்களுக்கே அரபு வருமே" என்றேன்.

"ஓத வரும் மேடம். சண்டை போட வராது. இந்தப் படத்துல எல்லாரும் சண்டை போடுறாங்க."

எனக்கு வரும். என் கணவர் சவரிராயன் ஜித்தாவில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையில் பொறியாளராக இருந்தார். அங்கே பத்தொன்பது வருடம் வாழ்ந்தோம். பிள்ளைகள் இல்லை. பகல் நீளமாக இருந்தது. பக்கத்து வீட்டு உம் தலாலுக்கு நான் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தேன், அவள் எனக்கு அரபு. அவளுடைய ஆங்கிலம் கடைசிவரை தேறவில்லை. அது மாணவியின் குறை.

சரி என்று சொல்லி அனுப்பினேன்.

ஜூன் 6, வெள்ளி

ஹிதாயத்துல்லா மடிக்கணினியில் படத்தைப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார். இயக்குநர் அனுப்பிய வசனத் தாள்களும் இருக்கின்றன. படுமட்டமான அச்சு. அரபு எழுத்துகளின் புள்ளிகள் எல்லாம் ஈயம் பூசியதுபோல ஒன்றாகிக் கிடக்கின்றன. தாளை ஒதுக்கிவிட்டுக் காதால் கேட்டு எழுதுவது என்று முடிவு செய்தேன். அச்சுப் பொய் சொல்லும், காது சொல்லாது.

கதை இதுதான். ஃபவ்ஸியா என்ற விதவை, என்னைவிடப் பத்து வயது சிறியவள். வாழ்நாள் முழுவதும் காரின் பின் இருக்கையில் உட்கார்ந்தே ஊரைப் பார்த்தவள். பெண்களும் ஓட்டலாம் என்று சட்டம் மாறியதும் ஓட்டக் கற்றுக்கொள்ள நினைக்கிறாள். அண்ணன், தம்பி, மருமகன் எல்லோரும் எதிர்ப்பு. கற்றுக்கொடுப்பதோ அவளுடைய டிரைவர். அவள் கற்றுவிட்டால் அவருக்கு வேலை இல்லை. அது தெரிந்தே கற்றுக்கொடுக்கிறார்.

அந்த டிரைவர் நம் ஊர்க்காரர். வீட்டில் எல்லோரும் ராஜு என்கிறார்கள். பேசுவதெல்லாம் அரைகுறை அரபு. ஆனால் ஓரிடத்தில், அவள் பாடம் முடிந்து நிழலில் உட்கார்ந்திருக்கும்போது, காரின் முன்னால் நின்றுகொண்டு காரிடமே தமிழில் பேசுகிறார். நீளமான பேச்சு. ராமநாதபுரம் பக்கத்துத் தமிழ். இயக்குநரின் தாளில் அந்த இடத்தில் 'டிரைவர் தன் மொழியில் பேசுகிறார்' என்று மட்டும் போட்டிருக்கிறதாம், ஹிதாயத்துல்லா சொன்னார். ஜித்தாவில் பார்த்தவர்களுக்கு ஒன்றும் புரிந்திருக்காது. நான் நிறுத்தி மறுபடி கேட்டேன். பிறகு இன்னொரு முறை. அது வேலைக்காக அல்ல.

கூடத்து விளக்கு மங்கல். மாற்ற வேண்டும்.

ஜூன் 11, புதன்

இன்று பிடிக்காத ஒரு காட்சி. ஓட்டுநர் உரிமத்துக்குக் கண் பரிசோதனை. ஃபவ்ஸியாவுக்குப் பார்வை சரியில்லை. வரிசையில் நிற்கும்போது முன்னால் இருக்கிற பெண்கள் எழுத்து அட்டையைப் படிப்பதைக் கேட்டு மனப்பாடம் செய்துகொள்கிறாள். தன் முறை வந்ததும் கடகடவென்று ஒப்பிக்கிறாள். தேறிவிடுகிறாள். படம் இதை ஒரு சாமர்த்தியம்போலக் காட்டுகிறது.

எங்கள் கான்வென்டில் மதர் கொர்னேலியா இருந்தார். பக்கத்துத் தாளைப் பார்த்து எழுதியவளை அவர் அடிக்கவில்லை. 'இனி உன் தாளை யார் பார்த்தாலும் எனக்குக் கவலையில்லை' என்று மட்டும் சொன்னார். அவள் அழுத அழுகையை அடி வாங்கியவர்கள்கூட அழவில்லை. தெரியாததைத் தெரியும் என்று காட்டுவது பொய். அதில் சாமர்த்தியம் ஏது?

காட்சியை அப்படியே மொழிபெயர்த்தேன். என் கருத்தை வசனத்தில் ஏற்றுவது முறையல்ல.

ஜூன் 15, ஞாயிறு

இரண்டாம் வாசகம் வேறு பெண் படித்தாள். பவுலடியார் கடிதத்தை ரேஷன் கடை அறிவிப்புப் போலப் படித்தாள். ஈஸ்டரிலிருந்து நான் வாசகம் படிப்பதை விட்டுவிட்டேன். இளையவர்களுக்கு வாய்ப்புக் கொடுக்க வேண்டும்.

வெளியே பங்குத்தந்தை நின்றார். வணக்கம் சொன்னேன், பதில் இல்லை. அருள்சீலி என் முழங்கையைப் பிடித்துத் திருப்பி, அது புது சூசையப்பர் சுரூபம் என்றாள். பெயின்ட் காய்வதற்காக வெளியே வைத்திருக்கிறார்களாம். இப்படி ஆள் உயரத்தில் வைத்தால் யார்தான் வணங்க மாட்டார்கள்?

ஜூன் 20, வெள்ளி

என் கையெழுத்தைத் தட்டச்சு செய்ய முடியவில்லை என்று ஹிதாயத்துல்லா வந்து உட்கார்ந்தார். வரி ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கிறதாம். சீக்கிரமாகச் சிந்திப்பவர்களின் கையெழுத்து அப்படித்தான் இருக்கும். இனி நான் சொல்லச் சொல்ல அவர் தட்டச்சு செய்வதாக ஏற்பாடு. இது எனக்கும் வசதி.

இரண்டு வரிக்கு மேல் போகக் கூடாது, வாசிக்க நேரம் வேண்டும் என்கிறார். திட்டுவதைச் சுருக்குவதுதான் கடினம். அரபியில் ஒருவரைத் திட்டினால் அவருடைய தகப்பனார், வீடு, கழுதை எல்லாம் வரும். கழுதையை மட்டும் வைத்துக்கொண்டோம்.

ஃபவ்ஸியா டிரைவரை 'நீ' என்பதா 'நீங்கள்' என்பதா என்று வாதம். அரபியில் பெரியவர் சிறியவர் எல்லோருக்கும் ஒரே சொல். படம் முழுக்க 'நீ' என்றும், கடைசிக் காட்சியில் மட்டும் 'நீங்கள்' என்றும் தீர்மானித்தேன். அதிகாலையில் அவளே கார் ஓட்டி அவரை விமான நிலையத்துக்குக் கொண்டுபோகிறாள். அவரைப் பின்னால் உட்காரச் சொல்கிறாள். அந்த இடத்தில் மரியாதை மாற வேண்டும்.

ஹிதாயத்துல்லா சிரித்தார். "போடுங்க மேடம். நீன்னாலும் நீங்கன்னாலும் அந்த நேரத்துல அவருக்கு ஒண்ணுதான்."

வேலை போன கோபத்தைச் சொல்கிறார். உண்மைதான். அந்தக் காட்சியில் அவள் மனம் விட்டு எவ்வளவோ பேசுகிறாள், குரல் தழுதழுத்துத் தாழ்ந்துபோகிறது. அந்த மனிதர் ஒரு வார்த்தை பதில் சொல்வதில்லை. கோபம் நியாயமாகவே இருக்கட்டும். ஒரு பெண் பேசும்போது 'ம்' என்றாவது சொல்ல வேண்டாமா?

ஜூன் 23, திங்கள்

புது விளக்கு போட்டாயிற்று. இதுவும் உதவாது.

ஜூன் 27, வெள்ளி

அருள்சீலி இன்று எல்லை மீறினாள். நீலச் சேலைக்குப் பச்சை ரவிக்கை போட்டிருக்கிறேனாம். வேண்டுமென்றே போட்டேன் என்றேன்.

"அப்ப சரிம்மா. சர்ச்சுல ஞாயித்துக்கெழம இலவசக் கண் முகாம் வச்சிருக்காங்க. வேணும்னே போயிட்டு வருவோமா?"

இலவசம் என்ற சொல்லே எனக்கு ஆகாது. பேச்சை முடித்து வெங்காயம் உரிக்கச் சொன்னேன். பிறகு அவளுக்கும் சேர்த்துக் காபி போட்டேன். நன்றாக வந்தது. இரண்டு பேரும் பின்வாசலில் நின்று குடித்தோம். மழை வரும்போல இருந்தது, வரவில்லை, காற்று மட்டும் வந்தது. அதுவே போதும் என்றிருந்தது.

ஜூலை 2, புதன்

வணிகர் சங்கக் கட்டிடத்தின் மாடி அரங்கில் ஒத்திகை. வேலை நடக்கிற விதம் இப்படி: படம் திரையில் ஓடும். திரைக்குக் கீழே ஒரு நீளக் கறுப்புத் துணி. அதன்மேல் இன்னொரு புரொஜெக்டர் தமிழ் வரிகளைக் காட்டும். அந்த வரிகள் தாமாக மாறுவதில்லை. ஒருவர் மடிக்கணினி முன்னால் உட்கார்ந்து, ஒவ்வொரு வசனத்துக்கும் நடிகர் வாய் திறக்கும்போது, பொத்தானை ஒரு தட்டுத் தட்ட வேண்டும். அடுத்த வரி வரும். முந்தியும் தட்டக் கூடாது, பிந்தியும் கூடாது. அரபு தெரிந்தவர்தான் தட்ட முடியும். ஆகவே நான்.

பியானோ வாசிப்பதுபோல இருந்தது. ஒரு வரிகூடத் தவறவில்லை. ஹிதாயத்துல்லா அசந்துவிட்டார்.

"கணினியப் பாக்காமலே தட்டுறீங்களே மேடம்."

பார்க்கத் தேவையில்லை என்றேன். தேவையில்லைதான். இத்தனை முறை கேட்டதில் படம் முழுவதும் மனதில் ஏறிவிட்டது. அதற்கென்று முயற்சி செய்யவில்லை. காலையில் நடக்கும்போது சொல்லிப் பார்ப்பதோடு சரி.

திரையிடும் அன்று என் பக்கத்தில் உட்காரட்டுமா என்று கேட்டார். பக்கத்தில் ஆள் இருந்தால் என் கவனம் சிதறும் என்று சொல்லிவிட்டேன்.

ஜூலை 8, செவ்வாய்

தினசரிக்குக் கடிதம் எழுதினேன்: அச்சு நாளுக்கு நாள் மங்குகிறது, வாசகர்களை மதிக்கவும். கடைக்காரர் கொடுத்த பட்டை மார்க்கரில் எழுதினேன். இந்த நாட்குறிப்பையும் இனி அதிலேயே எழுதப்போகிறேன். சாதாரணப் பேனாக்களில் இப்போது மையே வருவதில்லை.

ஜூலை 18, வெள்ளி

நாளை படம். அழைப்பிதழில் 'தமிழில்: திருமதி யூஜினி சவரிராயன்' என்று போட்டிருக்கிறார்கள். அருள்சீலி படித்துக் காட்டினாள். என் கண்ணாடி வேறு அறையில் இருந்தது.

இருநூறு பேர் வருவார்கள் என்கிறார் ஹிதாயத்துல்லா. தவறினால் இருநூறு பேர் முன்னால் தவறும். தவறாது. இரண்டு முறை முழுப்படத்தையும் படுத்துக்கொண்டே ஓட்டிப் பார்த்துவிட்டேன்.

ஜூலை 20, ஞாயிறு

நேற்று எழுத முடியவில்லை. இப்போது எழுதுகிறேன்.

அரங்கு நிறைந்துவிட்டது. ஹிதாயத்துல்லா எனக்குப் பின் வரிசையில் உட்கார்ந்தார். பக்கத்தில் வேண்டாம் என்றுதானே சொன்னேன், பின்னால் வேண்டாம் என்று சொல்லவில்லை. விளக்கை அணைத்தார்கள். முதல் வசனத்துக்குத் தட்டினேன். சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்தார்கள். கழுதைக்கு நல்ல வரவேற்பு. கண் பரிசோதனைக் காட்சியில் யாரோ ஒரு பெண் 'பாவம்' என்றாள். அதையும் கேட்டேன்.

அடுத்து வரவேண்டியது ஃபவ்ஸியாவின் அண்ணன் மகள் கல்யாணம். தப்பு முழக்கம்போல ஒரு கொட்டுச் சத்தத்தோடு தொடங்கும். பெண்கள் எல்லோரும் சேர்ந்து அவளை மடக்கிக் கேட்கிற காட்சி. விரலைத் தயாராக வைத்திருந்தேன். கொட்டுச் சத்தம் வரவில்லை. கார் எஞ்சின் சத்தம் வந்தது.

கல்யாணமே இல்லை. இயக்குநர் அதை வெட்டிவிட்டு, சற்றுச் சுருங்கிய படத்தை அன்று காலைதான் அனுப்பியிருக்கிறார். கொஞ்சம் தெளிவாக இருக்கிறதே என்று இவர்கள் அதையே போட்டுவிட்டார்கள்.

எனக்கு உடனே புரிந்துவிட்டது. கல்யாண வசனங்களைத் தாண்டிப்போக வேண்டும், அவ்வளவுதான். வேகமாகத் தட்ட ஆரம்பித்தேன். மனதில் எண்ணிக்கொண்டே தட்டினேன். நடுவில் டிரைவர் பேசினார், அதைக் கேட்டேன், எண்ணிக்கை போய்விட்டது. நிறுத்தினேன். இப்போது எந்த வரியில் நிற்கிறேன்? மடிக்கணினி என் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. வெள்ளையாக ஒரு வெளிச்சம். அவ்வளவுதான் தெரிந்தது. கறுப்புத் துணியைப் பார்த்தேன். அங்கேயும் நீளமாக ஒரு வெள்ளை.

கண் இருக்கிற யாரும் குனிந்து பார்த்துச் சரி செய்திருப்பார்கள்.

குத்துமதிப்பாகத் தட்டினேன். அரங்கு சிரித்தது. சிரிக்க வேண்டிய இடமல்ல. மறுபடி தட்டினேன், இன்னும் பெரிய சிரிப்பு. பிறகு சொன்னார்கள்: திரையில் டிரைவர் 'மெதுவாக, சுவர் வருகிறது' என்று அலறுகிறார், கீழே 'மணப்பெண்ணுக்கு இன்னொரு தட்டு வையுங்கள்' என்று நிற்கிறது. பின்னாலிருந்து யாரோ ஒருவன், "யாருப்பா பந்தி பரிமாறுறது?" என்றான். என் கை பொத்தானின் மேலேயே இருந்தது. எடுக்கவும் முடியவில்லை, தட்டவும் முடியவில்லை. பள்ளி நாட்களுக்குப் பிறகு அப்படி வியர்த்ததில்லை.

அப்போது கார் நின்றது. கதவு திறந்தது, மூடியது. செருப்புச் சத்தம் மணலில் வந்தது. அவர் பேசத் தொடங்கினார்.

"ஏய், கேட்டியா. பதினோரு வருசம் ஒன்னையக் குளிப்பாட்டித் தொடச்சு வச்சிருந்தேன். இனி அந்தம்மா கையில போற."

அரங்கில் சிரிப்பு சட்டென்று அடங்கியது. யாரோ ஒருவர் பக்கத்தில் இருப்பவரிடம் 'நம்மாளு' என்று சொன்னது எனக்குக் கேட்டது. துணியில் என்ன வரி நிற்கிறது என்று ஒருவரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

அந்தப் பேச்சு எவ்வளவு நீளம் என்று எனக்குத் தெரியும். அது முடிவதற்குள் செய்தாக வேண்டும். பின்னால் திரும்பினேன்.

"சார். எனக்கு எழுத்துத் தெரியல."

இருட்டில் அவர் முகம் எப்படி மாறியது என்று தெரியாது. வெளிச்சத்திலும் தெரிந்திருக்காது. எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். எந்த வசனம் வேண்டும் என்று மட்டும் கேட்டார். ஃபவ்ஸியா, 'இன்னொரு முறை. சுவரை நான் பார்த்துக்கொள்கிறேன்' என்றேன். அவர் தேடத் தொடங்கினார். திரையில் அந்த மனிதர் காரைத் தட்டிக்கொடுத்துப் பேசிக்கொண்டிருந்தார்.

"பிரேக்க ஒரேயடியா மிதிக்கும், கோவிச்சுக்கிறாத. போற எடத்துல அனுசரிச்சு நடந்துக்க. எம் மானத்த வாங்கிறாத."

மகளைக் கட்டிக்கொடுக்கிற தகப்பன் பேசுகிற பேச்சு. அரங்கில் முதலில் ஒரு சிரிப்பு எழுந்தது, அதுவே பாதியில் வேறாக மாறியது, பிறகு கைதட்டினார்கள். நடுப்படத்தில் எழுந்து நின்று தட்டினார்கள். அந்த நேரம் எங்களுக்குப் போதுமாக இருந்தது.

"பிடிச்சுட்டேன் மேடம். தட்டலாம்."

ஃபவ்ஸியா வாய் திறந்தாள், நான் தட்டினேன். அதன்பிறகு ஒவ்வொரு வரி மாறும்போதும் அவர் அதன் முதல் சொல்லை என் காதில் படும்படி முணுமுணுத்தார். நான் கேட்டுத் தட்டினேன். என் கவனம் சிதறவில்லை.

ஒன்று மட்டும் புரியவில்லை. கடைசிக் காட்சியில், 'உங்கள் பிள்ளைகளின் பெயரை நான் ஒருநாளும் கேட்டதில்லை, இப்போது சொல்லுங்கள்' என்று ஃபவ்ஸியா கேட்கிறாள். பதில் இல்லை. அந்தத் துயரமான இடத்தில் அரங்கம் மெல்லச் சிரித்தது. ஹிதாயத்துல்லாவும் சிரித்தார். என் மொழிபெயர்ப்பில் பிழையோ என்று நினைத்தேன். கேட்கவில்லை. ஒரே இரவில் இரண்டு விஷயம் கேட்பது அதிகம்.

வீட்டுக்கு அவர்தான் காரில் கொண்டுவந்து விட்டார். படிக்கட்டில் கையை நீட்டினார். பிடித்துக்கொண்டு ஏறினேன். கூடத்து விளக்கைப் பற்றி அவரிடம் புகார் சொல்ல வாயெடுத்து, நிறுத்திக்கொண்டேன்.

ஜூலை 24, வியாழன்

கண் மருத்துவமனை. கட்டணம் கட்டித்தான் பார்த்தேன். அருள்சீலியும் வந்தாள், வெற்றி பெற்றவள்போல.

எனக்கு முன்னால் ஒரு மனிதர் எழுத்து அட்டையை உரக்க, மேலிருந்து கீழே கடைசி வரிவரை படித்தார். என் ஞாபகசக்தி நல்லது. என் முறை வந்தபோது எல்லா எழுத்தும் வரிசையாக மனதில் நின்றது. அந்த நேரத்தில் ஃபவ்ஸியாவை நினைத்தேன். அவளுக்கு எவ்வளவு சுலபமாக இருந்திருக்கும் என்று தெரிந்தது.

டாக்டரிடம் வேறு அட்டை வைக்கச் சொன்னேன்.

முதல் எழுத்தைத் தவிர ஒன்றும் படிக்க முடியவில்லை. இரண்டு கண்ணிலும் புரை, நன்றாக முற்றிவிட்டது, இத்தனை நாள் எப்படிச் சமாளித்தீர்கள் என்று அந்தப் பெண் டாக்டர் கேட்டாள். எங்கள் கான்வென்டில் பயிற்சி அப்படி என்றேன்.

ஆகஸ்ட் 6, புதன்

இடது கண் அறுவை முடிந்து கட்டைப் பிரித்தார்கள். அருள்சீலிக்குத் தலை நரைத்திருக்கிறது. எப்போதிலிருந்து என்று கேட்டேன். சிரித்தாள்.

கூடத்தில் எந்த அறிவுகெட்டவர் இவ்வளவு பெரிய விளக்கு போட்டது?

ஆகஸ்ட் 16, சனி

சாதாரணப் பேனா. மை நன்றாகவே வருகிறது. தினசரி ஆசிரியருக்கு ஓர் அஞ்சலட்டை போட வேண்டும்.

மாலையில் ஹிதாயத்துல்லா மடிக்கணினியோடு வந்தார். தஞ்சாவூர்ச் சங்கத்திலும் படம் போடக் கேட்கிறார்களாம். கல்யாணம் வெட்டப்பட்ட படத்துக்கு ஏற்றபடி வரிகளைச் சரிசெய்ய வேண்டும். அருள்சீலியையும் உட்காரச் சொன்னேன். மூவரும் முறுக்கு சாப்பிட்டுக்கொண்டு பார்த்தோம். நான் முதல்முறையாகப் பார்த்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். ஃபவ்ஸியா நான் நினைத்த மாதிரி இல்லை, குண்டு. ஜித்தாவின் கடற்கரைச் சாலை என்னால் நம்ப முடியாத அளவுக்கு மாறியிருக்கிறது. உம் தலாலின் தெரு இருந்த இடத்தில் கண்ணாடிக் கட்டிடங்கள். கார்களில் பெண்கள்.

கடைசிக் காட்சி வந்தது. விடியற்காலை, சாலை, அவள் ஓட்டுகிறாள். பேசிக்கொண்டே போகிறாள். 'உங்கள் பிள்ளைகளின் பெயரை நான் ஒருநாளும் கேட்டதில்லை, இப்போது சொல்லுங்கள்.' பதில் இல்லை. தலைக்கு மேலிருக்கும் சிறு கண்ணாடியில் பின் இருக்கையைப் பார்க்கிறாள். நானும் பார்த்தேன்.

தூங்குகிறார். வாயைத் திறந்துகொண்டு, தலை சாய்ந்து, மடியில் வைத்த பையைக் கட்டிப்பிடித்தபடி. வாழ்நாளில் முதல்முறையாக யாரோ ஓட்டுகிற காரில் உட்கார்ந்தவரின் தூக்கம்.

அவளுடைய குரல் தாழ்ந்ததும் துக்கத்தால் அல்ல. எழுப்பிவிடக் கூடாது என்று.

ஹிதாயத்துல்லா தட்டச்சுப் பலகையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, ஆள் தூங்குகிறாரே, இந்த இடத்தில் 'நீங்கள்' என்பதை 'நீ' என்று மாற்றிவிடலாமா என்று கேட்டார்.

"வேண்டாம். இருக்கட்டும்" என்றேன். "மெதுவாப் பேசுங்க."